பேப்பரில் நாற்பது

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் அவள் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கடையில் அவளுக்குப் பெயரே ‘கால் பாயிண்ட்’தான். பவர் கால் பாயிண்ட் தள்ளியிருந்தால்கூட லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

“விடுங்கக்கா, கால் பாயிண்ட்தானே. அந்த வாத்தியாருக்கு என்ன தெரியப்போகுது?” என்பாள் கவுண்டரில் நிற்பவள்.

“உன் மூக்குல மாட்டி ஒரு வாரம் நடக்கவிட்டா உனக்குத் தெரியும்.”

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருப்பது தெரிந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தனியார் ஆஸ்பத்திரியை அவர்கள் நினைத்தும் பார்க்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஜோடிக்கு ஒரு முறை டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சை இலவசமாகச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டு, அலையாய் அலைந்து பட்டியலில் பெயரைச் சேர்த்தார்கள். “ரெண்டு வருஷத்துல கூப்பிடுவோம். நாப்பது முடியறதுக்குள்ள ஆரம்பிச்சாகணும், அதுதான் ரூல்” என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. சான்றிதழ்படி அவளுக்கு அப்போது முப்பத்தாறு. நிஜத்தில் முப்பத்தைந்து.

அந்த ஒரு வருஷம் அவளுடைய அப்பாவின் கைவரிசை. அவர் செங்கல் லாரி ஓட்டியவர். நாலு வயதுப் பெண்ணுக்கு ஐந்து முடிந்துவிட்டதென்று சாதித்து, ஒரு வருஷம் முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையைச் சொல்ல அவருக்கு அலுக்கவே அலுக்காது. மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வந்தபோதும் வாயெல்லாம் பல்லாக அதைத்தான் சொன்னார். “அந்த ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. நான் அசையலையே!”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு நேரில் போக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். காய்ச்சலோடு போயிருக்கிறாள். மாமியாரை அடக்கம் செய்த மறுநாளும் போயிருக்கிறாள். “இவ்வளவு நாள் வரிசையில நின்னு பொறக்கிற புள்ள, பொறந்ததும் டோக்கன் எங்கேன்னுதான் கேட்கும்” என்று கணவர் சிரிக்கவைப்பார்.

சொன்ன இரண்டு வருஷமும் ஓடியது. பிறகு பரிசோதனைக் கூடத்தில் ரிப்பேர் என்று பதினோரு மாதம் மூடினார்கள். திறந்ததும், இருந்த ஒரே டாக்டர் வேலையை விட்டுப் போனார். புது டாக்டர் வர இன்னொரு வருஷம். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “எனக்கு வயசு தாண்டிடும்மா” என்று இரண்டு தடவை கவுண்டரில் சொன்னாள். “அப்போ பார்த்துக்கலாம்” என்றார்கள்.

கடிதம் வந்தது. இருபத்தோராம் தேதி வரச் சொல்லியிருந்தது. பேப்பரில் அவளுக்கு நாற்பது முடிவது அதே மாதம் இரண்டாம் தேதி.

பத்தொன்பது நாள். ஒரு வாரம் மனதுக்குள் போட்டுப் புரட்டிவிட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்தார். “வா, நான் வந்து சொல்றேன். பொய் சொன்னவனே நான்தானே.” ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

பெரிய டாக்டரம்மாவின் அறையில் அப்பா உட்கார மறுத்துவிட்டார்.

“டாக்டரம்மா, இவளுக்கு முப்பத்தொன்பதுதான். ஸ்கூல்ல நான் கூட்டிச் சொல்லிட்டேன்.”

“எதுக்குய்யா கூட்டிச் சொன்னீங்க?”

வழக்கமான கதை வரப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது வரவில்லை.

“அப்போ இவ அம்மா செத்து நாலு மாசம்மா. பார்த்துக்க ஆள் இல்ல. லாரியில முன்சீட்டுல உட்கார வச்சிக்கிட்டே ஓட்டினேன். ஒருநாள் சடன் பிரேக் போட்டதுல கண்ணாடியில போய் முட்டிக்கிட்டா. புருவம் பிளந்து ரத்தமா கொட்டுச்சு. ஸ்கூல்ல விட்டா சாயங்காலம் வரைக்கும் யாராவது பார்த்துப்பாங்கன்னு... அஞ்சு முடிஞ்சிருக்கணும்னாங்க. முடிஞ்சிடுச்சுன்னேன்.”

அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது. மாடிப்படியில் விழுந்த தழும்பு என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

டாக்டரம்மா ஃபைலைப் பிரித்துச் சான்றிதழைப் பார்த்தார். “நான் நம்பறேன்யா. ஆனா என்கிட்ட இருக்கிறது பேப்பர்தான். கோர்ட்ல மாத்திட்டு வரணும்.”

“எத்தனை நாள் ஆகும்மா?”

“குறைஞ்சது ஒன்றரை வருஷம்.”

அதற்குள் நிஜமாகவே நாற்பது தாண்டிவிடும். மூன்று பேருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

வெளியே கவுண்டரில், இடத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டுப் போட்டாள். மை காய்வதற்குள் அந்த அம்மா போனை எடுத்து அடுத்த எண்ணை அழைத்தார். “இருபத்தொண்ணாம் தேதி ஒரு இடம் காலியாயிருக்கு. வர முடியுமா?”

“அய்யோ, வர்றேம்மா! இன்னிக்கே வேணும்னாலும் வர்றேன்!” யாரோ ஒருத்தி அழுதுகொண்டே கத்தியது கவுண்டருக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. “நான் அன்னிக்கு உன்னை வீட்டுலயே விட்டிருக்கணும்மா.”

“யாருகூடப்பா?”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

“அப்பா, லேட் பண்ணது ஆஸ்பத்திரிக்காரங்க. நீங்க இல்ல.”

அப்பா துண்டை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவளுடைய போன் அடித்தது. கணவர். எந்தக் கட்டடத்து மொட்டை மாடியிலோ, கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருப்பார். அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

“எடும்மா. பாவம், மாப்பிள்ளை காத்துக்கிட்டிருப்பாரு” என்றார் அப்பா.

“எடுக்கறேம்ப்பா” என்றாள். எடுத்தால் சொல்லியாக வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் அவர் காத்திருக்கட்டும் என்று போனை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.