கறிவேப்பிலைக்கு ஒரு ஏச்சு

எங்கள் குடும்பத்தில் கறிவேப்பிலைக் கன்றை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்டு வாங்கினால் பிடிக்காதாம். களவெடுத்துத்தான் நட வேண்டும். களவெடுத்தால் மட்டும் போதாது, பறிகொடுத்தவர் வயிறெரிந்து ஏசவும் வேண்டும். எவ்வளவுக்கு ஏசுகிறாரோ அவ்வளவுக்கு மரம் தழைக்கும். இதைத் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த குடும்பம் எங்களுடையது. கோயிலில் முன்வரிசையில் நின்று கண்ணை மூடித் தேவாரம் பாடுகிற குடும்பமும் இதேதான்.

இன்னும் சில ஞானங்களும் எங்களிடம் இருந்தன. பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டக் கூடாது, அழுகிவிடும். நாடியால்தான், மோவாயை நீட்டித்தான் காட்ட வேண்டும். தோட்டம் பார்க்க வந்த விருந்தாளிகள், நாங்கள் எல்லோரும் நாடியை நீட்டி நீட்டிப் பேசுவதைக் கண்டு பல்வலியாக்கும் என்று நினைத்ததுண்டு. மிளகாய்க் கன்றைக் கோபக்காரர் நட வேண்டும், அப்போதுதான் காய் உறைக்கும். அந்தப் பொறுப்பு சின்ன வயதிலேயே என் தலையில் விழுந்துவிட்டது. நடுவதற்கு முன் அம்மா வேண்டுமென்றே என்னைச் சீண்டுவார். "உன்ட மூஞ்சிக்கு எவன்கா வருவான்?" என்பார். நான் மண்ணைக் குத்திக் குத்தி நடுவேன். மிளகாய் உறைத்துத் தொலைக்கும். பிறகு அதையே சாட்சியாகக் காட்டி அடுத்த வருடமும் சீண்டுவார்கள்.

சமையல் பாடம் இதைவிட மோசம். வாவி நண்டில் எங்கள் வீட்டுக் குழம்பு ஊரில் பேர்போனது. அதை எப்படி வைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உப்பு எவ்வளவு அம்மா?"

"அளவா."

"புளி?"

"அதுவும் அளவா."

"அளவெண்டா எவ்வளவு?"

"கூடாம குறையாமகா. இதையும் சொல்லித் தரோணுமா?"

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் தெளிவாக இருந்தார். தேங்காய்ப்பால் நுரைத்து வரும்போது, அப்போதுதான் முறித்த கறிவேப்பிலையைப் போட வேண்டும். அதுவும் பெரியம்மாவின் மரத்து இலை. அதுவும் கேட்காமல் முறித்தது. மற்ற வீடுகளில் சமையல் 'இறக்கிப் பரிமாறவும்' என்று முடியும். எங்கள் வீட்டில் 'வேலிக்குப் போகவும்' என்றுதான் முடியும்.

பெரியம்மா என்பவர் அம்மாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்கள் கலியாணம் கட்டி, ஒரு பெட்டியோடு வந்து சேருவார்கள். அதனால் அக்காவும் தங்கச்சியும் ஆயுள் முழுக்க அடுத்தடுத்த வளவில்தான். வளவைப் பிரித்தபோது மரம் பெரியம்மாவின் பங்கில் போய்விட்டது. அவர் ஒன்றும் கஞ்சத்தனமானவர் அல்ல. அம்மா ஒரு சொல் கேட்டிருந்தால் கூடை நிறைய முறித்துத் தந்திருப்பார். ஆனால் கேட்கலாமா? வழக்கம் என்ன ஆவது?

ஆகவே இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா பாயை விரித்து, நித்திரை வராவிட்டாலும் குறட்டை விடுவார். அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் அம்மா வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் நுழைவார். பின்னேரம் முறிந்த கொப்பைப் பெரியம்மா புதிதாகக் கண்டுபிடிப்பார்.

"எந்தக் கள்ளிகா என்ட மரத்தில கை வெச்ச? கை முறிஞ்சு போக! கொள்ளையில போவாள், இலை முறிக்கத் தெரிஞ்சாலும் பறவாயில்ல, கொப்போட முறிச்சிருக்காளே!"

அம்மா தேங்காய் துருவியபடி, கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டுவார். ஏச்சு சுருக்கமாக முடிந்துவிட்டால் அவருக்குக் கவலை வந்துவிடும். "அக்காக்கு இண்டைக்குச் சுகமில்லப் போல. ரசம் கொஞ்சம் குடுத்திட்டு வாகா" என்று என்னை அனுப்புவார். நான் போய்க் கொடுப்பேன். "எந்தக் கள்ளி வெச்ச ரசம்?" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா வாங்கிக் குடிப்பார்.

பிறகு யுத்தம் எங்கள் ரோட்டுக்கும் வந்தது. பெரியம்மாவின் வீடு மூலை வீடு. இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்க்கலாம். அதுவே குற்றமாகிவிட்டது. ஒருநாள் ஆமி வந்து மண்மூட்டை அடுக்கி, முள்ளுக்கம்பி இழுத்து, அங்கே குடியேறியது. யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தால்தான் தழைக்கும் என்று அவர்களுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். காம்ப் நன்றாகத் தழைத்தது.

பெரியப்பா முன்னமே காலமாகிவிட்டார். பெரியம்மாவும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய ஒரே மகனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மா எங்கள் குசினிக்குள் இருந்து, ரோட்டுக்குக் கேட்காத குரலில், காம்பைக் காலையும் மாலையும் ஏசினார். வாய்க்கு வேலை இருந்ததால் தெம்பாகத்தான் இருந்தார்.

அதன் பிறகு ஒரு காலைச் சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்தார்கள். அண்ணன் சோறு தின்றுகொண்டிருந்தார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி, கைகூடக் கழுவ விடாமல் கொண்டு போனார்கள். பெரியம்மா ஒவ்வொரு காம்ப் வாசலாகப் போய்க் குந்தியிருந்தார். எல்லா இடத்திலும் இங்கே இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒருநாள் திரும்பி வந்து குடையை ஆணியில் மாட்டினார். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. கொடுத்தால் சாப்பிடுவார், அரிசி புடைப்பார், கல் பொறுக்குவார். ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த வாயைத் தெரிந்தவர்களுக்கு அதைப் பார்ப்பது பொறுக்க முடியாத கொடுமை.

ஊருக்குத்தான் வைத்தியத்துக்குக் குறைவில்லையே! ஒருத்தி நூல் கட்டினாள். ஒருவர் நரம்பு என்றார். ஒருவர் காற்றுச் சேட்டை என்றார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சீலை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி காக்கா, தன் பங்குக்கு ஓதின தண்ணீர் கொண்டுவந்து தந்து, சீலையை அவிழ்க்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தால் பேசுவார் என்ற வைத்தியத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லி என்ன, அந்த மருந்து எந்தக் கடையில் இருந்தது?

அம்மா எல்லா வைத்தியத்தையும் செய்து பார்த்துக் களைத்துவிட்டு, கடைசியில் தன் சொந்த வைத்தியத்துக்கு வந்தார்.

"அக்காட மரத்தடியில பக்கக் கன்று வந்திருக்கு. ரோட்டால போகக்குள்ள கண்டன். களவெடுத்து இஞ்ச நடுவம்."

"எதுக்கு?"

"களவெடுத்தா அக்கா ஏசுவா. ஏசினா வாய் திறக்கும்."

"அம்மா, உங்களுக்கு விசரா? அது காம்ப்!"

"அது என்ட அக்காட வளவு. எத்தின வருசமா நான் அதுக்க களவெடுக்கிறன்? இடையில வந்தவனுக்குப் பயந்து விடுறதா?"

"சுட்டுப்போட்டாங்களெண்டா?"

"ஒரு கறிவேப்பிலைக்குச் சுடுவானாகா?"

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் என்னென்ன காரணங்களுக்காகச் சுட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கறிவேப்பிலை அவற்றில் பலதை விடப் பெரிய காரணமாகத்தான் தெரிந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. அக்காவின் குரல் இல்லாமல் அவரும் பாதியாகிப் போயிருந்தார். குழம்பில் கடை இலையைப் போட்டுவிட்டு, யாராவது ஏசமாட்டார்களா என்று வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதன் பிறகு நாங்கள் ரோட்டால் போகிற சாட்டில் களவிடத்தை நோட்டம் பார்த்தோம். பெரியம்மாவின் வளவில் ஒரு இளம் ஆமிக்காரன் தோட்டம் போட்டிருந்தான். மிளகாய், வெண்டி, ஒரு பூசணிக் கொடி. அம்மாவுக்கு அவன் தோளில் தொங்கிய துவக்கு கண்ணில் படவே இல்லை. "வேகுற வெயிலுக்க தண்ணி ஊத்துறானே, அறுவான்! வேர் அவிஞ்சு போகுமே!" என்று பொருமினார். அவன் கூட்டாளியைக் கூப்பிட்டுப் பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டிக் காட்டினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எதிரி என்பதை அன்றுதான் அவர் உறுதிப்படுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

களவுக்கு மத்தியானத்தைத்தான் தெரிந்தெடுத்தார். சொந்தக்காரர் நித்திரையாக இருப்பதுதான் முறையாம். குழி தோண்டும் இரும்பு அலவாங்கோடு காம்ப் வேலிக்குப் போனால் விளக்கம் சொல்ல நேரம் கிடைக்காது என்பதால், மண் கிளற ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டவுனில் பேக்கரி வைத்திருந்த சிங்களக் குடும்பத்துப் பிள்ளையோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவள் நான். எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும். பிடிபட்டால் பேசுவதற்கு ஆள் வேண்டுமே!

பிடிபட்டோம். அம்மா முள்ளுக்கம்பிக்குள்ளால் கையை விட்டுச் சிரட்டையால் இரண்டு கிளறு கிளறவில்லை, துவக்கோடு அந்தத் தோட்டக்காரன் முன்னால் நின்றான். எனக்குப் படித்த சிங்களம் எல்லாம் பறந்துவிட்டது. ஒரு சொல்தான் நாக்கில் மிஞ்சியது.

"கரபிஞ்ச" என்றேன். கறிவேப்பிலை.

அவன் சிரட்டையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சிரித்துவிட்டான். "கேட்டிருந்தால் தந்திருப்பேனே!" என்றான். அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"ஐயோ, அதுதான்கா வேண்டாம்!" என்று அம்மா பதறினார்.

அவன் அதற்குள் மண்வெட்டியைக் கொண்டுவந்துவிட்டான். வேர் அறாமல், தாய்மண்ணோடு கன்றைக் கிளப்பி, சாக்குத் துண்டில் சுற்றி, கம்பிக்கு மேலால் இரண்டு கையாலும் நீட்டினான். தங்கள் வீட்டிலும் கிணற்றடியில் ஒரு மரம் நிற்கிறது, தன் அம்மா யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார் என்றான். நல்ல பிள்ளைதான். அதுதான் தொல்லை.

"இவன் குடுத்துப்போட்டானே! வேண்டாமெண்டு சொல்லுகா. எடுத்ததுக்கு ஏசச் சொல்லு!"

துவக்கு வைத்திருப்பவனிடம், தயவுசெய்து எங்களை ஏசுங்கள் என்று எந்த மொழியில் சொல்வது? "அம்மாவுக்கு மிகவும் சந்தோஷம்" என்றேன். அம்மா அவனை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டு கன்றை வாங்கினார்.

வழியில் எனக்குக் கட்டளை வந்தது. "அக்காக்கிட்டக் களவெண்டுதான் சொல்லோணும். வாய் தவறி உண்மையைச் சொல்லிராத." களவை ஒழுங்காகச் செய்யவும் வழியில்லாத காலம் அது. செய்யாத களவைச் செய்ததாகப் பொய் சொல்ல வேண்டி வந்தது.

குசினி வாசலில், பெரியம்மாவின் கண் முன்னால் கன்றை நட்டோம். "அக்கோவ்! உன்ட மரத்துக் கன்று! கேக்காமத்தான் எடுத்தன்! கள்ளமா எடுத்தன்!" என்று அம்மா கத்தினார். உலகத்தில் எந்தக் கள்ளியும் இப்படிப் பறைசாற்றியிருக்கமாட்டாள். பெரியம்மா சுளகிலிருந்து தலையை நிமிர்த்தினார். கன்றைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். மறுபடி குனிந்து கல் பொறுக்கினார்.

"ஏசன், அக்கா! ஒரு சொல்லு. கள்ளியெண்டாவது சொல்லு!"

சுளகிலிருந்து இன்னொரு கல் வெளியே விழுந்தது. அம்மா குசினிக்குள் போய் ஈரத் தேங்காய்ப் பொச்சை அடுப்பில் வைத்து ஊதினார். கண்ணில் நீர் வடிந்தால் புகை என்று சொல்லலாம் அல்லவா? யாரோடு கோபப்படுவது என்று தெரியாமல் நான் வெளியே நின்றேன். அன்று ஒரு வட்டை வயல் முழுக்க மிளகாய் நட்டிருந்தாலும் அத்தனையும் உறைத்திருக்கும்.

கன்றும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. நுனி வாடியது. "குடுத்தது பிடிக்காதுகா" என்று அம்மா கையை விரித்துவிட்டார். ஆனாலும் மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றாமல் இருக்கவில்லை.

பிறகு ஒரு காலை, ரோட்டில் ஆமிக்காரர் வரிசையாக நடந்து போனார்கள். அந்தத் தோட்டக்காரன் மட்டும் வரிசையை விட்டு விலகி எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். அண்ணனைக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அந்த உடுப்பு எங்கள் படலையைத் தாண்டியதில்லை. அவன் வந்தது கன்றைப் பார்க்க. குந்தியிருந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தான், உச்சுக்கொட்டினான், வாடின நுனியை நகத்தால் கிள்ளி எடுத்தான்.

பெரியம்மாவின் சுளகு விழுந்து அரிசி முற்றமெங்கும் சிதறியது.

"டேய், கள்ளா!"

துருப்பிடித்த குரல். எங்களுக்கு அது யாருடையது என்று விளங்கவே ஒரு கணம் எடுத்தது.

"ஆரைக் கேட்டு என்ட மரத்தில கை வெச்ச? கை அழுகிப் போக! ஆரைக் கேட்டு என்ட வீட்டுக்க பூந்த? ஆரைக் கேட்டு எடுத்த? எடுத்ததக் குடுடா! சோறு தின்ட புள்ளையக் கையும் கழுவ விடாமக் கொண்டு போனீங்களே, பாடையில போவானுகளே! என்ட புள்ளையக் குடுடா! குடு!"

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். கை துவக்கு வாரில் இருந்தது. என்னைப் பார்த்து, "இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டான்.

அவர் சொன்னதை அப்படியே சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் போதும். நெஞ்சு முழுக்க ஆத்திரமும் இருந்தது. ரோட்டில் நின்ற துவக்குகளைப் பார்த்தேன். பெரியம்மாவைப் பார்த்தேன்.

"எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்" என்றேன். "கறிவேப்பிலை நட்டால் யாராவது நன்றாக ஏச வேண்டும். அப்போதுதான் தழைக்கும்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ரோட்டில் நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று கை காட்டினான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கன்றுக்குப் பக்கத்தில் பணிவாக நின்றான்.

"அப்படியென்றால் நிறுத்தச் சொல்லாதீர்கள்" என்றான். "இன்னும் ஏசட்டும். நன்றாக வளரட்டும்."

நான் பெரியம்மாவிடம் போய், "இன்னும் ஏசட்டாம், பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா ஏசினார்.