டீ ஸ்பூனில் அள்ளிய ஓடை மணல்

எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் ஒரு பழைய டீ ஸ்பூன் கிடக்கிறது. காம்பு வளைந்து, ஓரம் மணலில் உரசித் தேய்ந்துபோனது. தூக்கிப் போடுங்கள் என்று மருமகள் பலமுறை சொல்லிவிட்டாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அதிலேயேதான் சர்க்கரை போட்டுக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில், காவலூர்ப் பாதையை ஒட்டிய ஓடைக்கரை மழைக்கு மழை சரிந்து பஸ்ஸை நிறுத்திவிடும். இரும்புத் தகடுகளை வரிசையாக மண்ணில் அடித்துக் கரையைத் தாங்கும் சுவர் எழுப்ப முடிவானது. எவ்வளவு ஆழம் அடித்தால் நிற்கும் என்று சின்ன அளவில் சோதித்துப் பார்க்க ஆற்காட்டிலிருந்து எஞ்சினியரம்மா ஒருவர் வந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அங்கே சாலை வேலை முகாமில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த என்னை உதவிக்கு அனுப்பினார்கள்.

முகாம் கொட்டகையில், ஒரு பக்கம் கண்ணாடி பதித்த மரப்பெட்டி. நடுவில் சுவருக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகடு. ஓடை மணலைக் காயவைத்துச் சலித்து, தகட்டின் இருபுறமும் ஒரே சீராகத் தூவுவோம். மண் நகர்வது கண்ணாடி வழியே தெரிய, இடையிடையே அவர் நீல மை கலந்த மணலைக் கோடாக இடுவார். பிறகு முன்பக்கத்து மணலைக் கரண்டி கரண்டியாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். பின்பக்கத்து மண் தள்ளித் தகடு எப்போது சாய்கிறது என்பதுதான் சோதனை. அவர் அள்ளுவார். தகட்டின் தலையில் பொருத்திய, சாய்வை அளக்கும் டயலின் முள்ளைப் பார்த்து நான் அளவு சொல்வேன். முகாம் சமையல்காரரின் சோற்றுக் கரண்டியால் அள்ளியபோது ஒவ்வொரு பெட்டியும் மத்தியானத்துக்குள் சாய்ந்துவிட்டது.

கடைசிப் பெட்டியை நிரப்பியதும், "இது சாஞ்சிச்சின்னா என் வேலை முடிஞ்சிது சார். அடுத்த பஸ்ல கெளம்பிடுவேன்" என்றார். அவர் மணலைத் தட்டிவிட்டுச் சிரிக்கும் சிரிப்புக்காகவே நான் தினமும் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தகடு சாயவே கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அன்று அவர் டீ ஸ்பூனால் அள்ளத் தொடங்கினார். மறுநாளும் தகடு நின்றது. மலைக்காரரான சமையல்காரர் சாமைச் சோற்றை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, என் கரண்டிக்கு இன்னா கொறச்சல்? இந்தச் செவுரு எப்பதான் சாயறது?"

"சாயற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமாதாங்க எடுக்கணும்" என்றார், தலை நிமிராமல். அது எஞ்சினியர் கணக்கு என்று நான் நம்பினேன்.

அதற்கடுத்த நாள் எஞ்சினியரம்மா, "இன்னா சார், முள்ளு அசையுதா?" என்று கேட்டார். அசைந்தது. உள்ளதைச் சொன்னேன். இன்னும் இரண்டு ஸ்பூன் எடுத்தார். நீலக் கோடுகள் சாய்வாக முறிய, மண் சத்தமில்லாமல் சரிந்தது. போகும்போது ஸ்பூனைக் கழுவி என் வரைபட மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஓடைக்கரைச் சுவர் இன்றும் நிற்கிறது, பஸ்கள் போகின்றன. எனக்கும் கல்யாணமாகி வாழ்க்கை நன்றாகவே போயிற்று. ஆனாலும் காலையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் மனம் அந்தக் கொட்டகைக்கு ஏங்கிப் போய்விடுகிறது. சாயும் நேரத்தில்தான் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அவரோ முள் அசைவதற்கு எத்தனையோ முன்பு, முதல் அள்ளலிலேயே டீ ஸ்பூனை எடுத்துவிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.