முப்பத்தேழு பேர் போன பிறகு

சபைக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்து, குழந்தைகளுக்கான கோடை முகாம் பொறுப்பை என் தம்பி தலையிலும் அவன் பெண்டாட்டி தலையிலும் கட்டியபோது நானும் அங்கேதான் இருந்தேன். அதுவரை முகாமை நடத்திய தம்பதி வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். "உங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்லையே, ரெண்டு பேருக்கும் நேரம் இருக்கும்" என்றார் செயலாளர். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு நிம்மதியாக டீயை உறிஞ்சினார். நரம்பில்லாத நாக்கு. நான் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் தம்பி பெண்டாட்டி, "செய்றோம்" என்றுவிட்டாள். தம்பிக்கு வாயைத் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை.

அவள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிறவள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடித்தாலும் ஒரு மூலை பிசகாது. கல்யாணமாகிப் பத்து வருடம். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் நான்காம் மாதத்தில் கலைந்தது. பிரசவப் பிரிவிலிருந்து வரும் சின்னத் துணிகளை யாரையும் தொடவிடாமல் தன் மேசைக்கு இழுத்துக்கொள்வாளாம். மடித்துக்கொண்டே ஜெபம் பண்ணுவாளாம். கூட வேலை செய்கிறவர்கள் என்னிடம் சொன்னது.

தம்பி குழாய் வேலை செய்கிறவன். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று காதை வைத்தே கண்டுபிடிப்பான். அன்று சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "பன்னெண்டு நாளைக்குப் பிள்ளைங்களக் கையில கொடுத்துட்டு அப்புறம் பிடுங்கிக்குவாங்கக்கா. இவ தாங்க மாட்டா."

"அத அவகிட்ட சொல்லு."

"நீ சொல்லேன்."

இரண்டு பேருமே சொல்லவில்லை.

விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். சமையல் என் பொறுப்பு. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, வகுப்பறைகளில் மெத்தை போட்டோம். முப்பத்தெட்டுக் குழந்தைகள். என் தம்பி காலையில் தண்ணீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டுவான், சாயங்காலம் பந்து விளையாட்டில் தோற்பான். அவள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், பேன் பார்த்தாள், நகம் வெட்டினாள், சண்டை தீர்த்தாள். பத்து வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அங்கேதான்.

முன்பல் இரண்டும் விழுந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் பொக்கைவாய். அப்பா கிடையாது. அம்மாவுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பிள்ளை தினமும் படுக்கையை நனைத்துவிடும். மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் தம்பி பெண்டாட்டி அதன் பாவாடையையும் விரிப்பையும் மாற்றிவிடுவாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமலே விரிப்பை உருவிவிட்டு வேறு போடுகிற வித்தை சலவைக்காரிக்குத்தான் வரும். பன்னிரண்டு நாளும் ஒரு குழந்தைக்கும் விஷயம் தெரியாது.

கடைசி நாள் பகல் பன்னிரண்டுக்குள் முப்பத்தேழு பேரை வந்து கூட்டிப்போய்விட்டார்கள். பொக்கைவாயின் அம்மா வரவில்லை. தம்பி போன் போட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை. இரண்டு மணியானது. தம்பி பெண்டாட்டி பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னலிட்டாள். அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். சுருட்டிக் கட்டிவைத்த மெத்தையைப் பிரித்துப் புது விரிப்புப் போட்டாள். "எதுக்கு? இப்ப வந்துடுவாங்க" என்றேன். அவள் விரிப்பின் மூலையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குப் பார்த்தால், காலி வகுப்பறையில் முழங்காலிட்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. யாரோ ஒரு தாய் பத்திரமாக வந்து சேர வேண்டுமென்று இப்படி உருகுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறரை மணிக்கு அந்த அம்மா வந்தாள். நெற்றியில் கட்டு, ரவிக்கைத் தோளில் காய்ந்த ரத்தம். ஒரு மணிவாக்கில் பஸ் திடீரென்று பிரேக் போட்டதில் கம்பியில் மோதி, மயங்கி, மருத்துவமனையில் ஏழு தையல். பொக்கைவாய் ஓடிப்போய் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டது. பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையைக் குறை சொல்ல முடியுமா?

அந்த அம்மா, தம்பி பெண்டாட்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கண்ணுல பட்டிருக்க வேண்டியது, மயிரிழைல தப்பிச்சேன். நீங்க எல்லாம் ஜெபம் பண்ணியிருப்பீங்க, அதான்."

தம்பி பெண்டாட்டி கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் சபைக்கு வரவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள். சாப்பாட்டுக்கு முன் தம்பி கண்ணை மூடினால், இவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிரசவப் பிரிவுத் துணிகளைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுகிறாள் என்றார்கள். பிள்ளை ஏக்கம்தான் என்று தம்பி நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த கோடைக்கு முன்னால் குழு மறுபடியும் வந்தது. முன்னறையில் செயலாளர், "உங்கள விட்டா யாரு இருக்கா" என்று குழைந்துகொண்டிருந்தார். இவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, போய்ச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன். நல்லாத்தானே செஞ்ச?"

தண்ணீரை நிறுத்தினாள். "அன்னைக்கு நான் என்ன ஜெபம் பண்ணேன்னு நெனைக்கிறீங்க அண்ணி?"

"அந்த அம்மாவுக்காக."

"அவ வரக் கூடாதுன்னு. அவளுக்கு ஏதாவது ஆகி, பிள்ளை என்கிட்டயே இருந்துடணும்னு."

"பைத்தியம். அடிபட்டது ஒரு மணிக்கு. நீ முழங்கால் போட்டது மூணு மணிக்கு" என்றேன்.

"முழங்கால் போட்டதுதான் மூணு மணிக்கு. காலைல கண் முழிச்சதுலேருந்தே அதுதான் மனசுல ஓடிச்சு." குரல் உயரவில்லை. "பத்து வருஷமா ஒரு பிள்ளைக்காகக் கெஞ்சினேன், பதிலே இல்ல. இதுக்கு அன்னைக்கே பதில் வந்துடுச்சு. இனிமே ஆண்டவர்கிட்ட எனக்குப் பேசவே பயமா இருக்கு. உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."

தோளில் கை வைத்தேன். அவள் தோள் விறைத்துக் கிடந்தது.

அப்போது தம்பி உள்ளே வந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிச்சி. "ஒத்துக்கிட்டேன்" என்றான் அவளிடம். "குழந்தைங்க நடுவுல இருந்தா நீ சரியாயிடுவ. இந்தத் தடவ அம்பது பேராம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்தாள்.