வில்லா விற்றவர்

போன ஆண்டு நானும் என் மனைவியும் மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே வீடு பார்க்கப் போனோம். பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை அழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பனை அலுவலகத்தில் இருந்தவர் நம் ஆள்தான். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மழமழவென்று மழித்த முகம். யாரோடு கைகுலுக்கினாலும் உடனே ஈரத்தாளை உருவி விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, "வில்லான்னா என்னா தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "லத்தீன் வார்த்தைக்கா. அந்தக் காலத்துல பணக்காரங்களோட தோட்ட வீட்டுக்கு அதான் பேரு. அங்க வேலை செஞ்ச கூலிக்காரங்களயும் அதே வார்த்தைய வச்சுத்தான் கூப்பிட்டாங்க. போகப் போக அதுக்குக் கெட்டவன்னு அர்த்தமாயிருச்சு. நம்ம சினிமா வில்லன் அங்கேருந்து வந்ததுதான்லா!"

ஜன்னல் வழியே, இடிக்காமல் மிச்சமிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தைக் காட்டினார். வெளியேற மறுத்துச் சில குடும்பங்கள் அங்கே இருந்தன.

"அதோ, நம்ம வில்லனுங்க. தண்ணிய கட் பண்ணியும் போக மாட்டேங்கிறாங்க. அடுத்த மாசம் கிளியர் ஆயிரும், கவலப்படாதீங்க."

அவர் சிரித்தார். என் மனைவி எழுந்துவிட்டாள்.

"நீங்க எந்த ஊரு தம்பி?"

"இதே தோட்டந்தான்க்கா. அந்தக் கடைசி வீட்ல எங்கம்மா இன்னும் இருக்காங்க. சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்றவர், மூலை வீடு பார்க்கலாமா என்று அதே மூச்சில் கேட்டார்.

நாங்கள் பார்க்கவில்லை. வரும் வழியில் என் மனைவி கார்க் கண்ணாடியை இறக்கிக் காறித் துப்பினாள். இத்தனைக்கும் அந்த மனிதர் எங்களிடம் ஒரு வார்த்தைகூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை.