ரங்கூனுக்கு வந்த கோழிக்கிறுக்கல்

என் சிநேகிதன் என்னை முதன்முதலாகத் "தாங்கள்" என்று அழைத்தது ரங்கூனுக்கு வந்த ஒரு கடிதத்தில்தான். அதுவரை பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவன் என்னை "டா" போடாமல் கூப்பிட்டதே கிடையாது. கோபம் வந்தால் அதைவிட மோசமாகக் கூப்பிடுவான், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆகவே இந்தக் கடிதம் எனக்குத்தான் வந்ததா என்று மேல்விலாசத்தை இரண்டு தரம் பார்த்தேன். எனக்குத்தான் வந்திருந்தது.

நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டுத் தறியில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடலுக்கு நாடா, அதாவது ஊடை நூல் ஓடும் கட்டை, தள்ள ஒருவன், வலப்பக்கத்துக் கரைக்கு இன்னொருவன். நான் உடல், அவன் கரை. இழைக்கு இழை அவன் நாடாவும் என் நாடாவும் கோத்துத் திரும்ப வேண்டும். ஒருவன் எழுந்து போனால் மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கிறவர்கள் பேசாமல் வேறு என்ன செய்வார்கள்? தெருவில் போகிறவர் வருகிறவர் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டோம். அவன் ஏதாவது சொல்வான், நான் சிரித்து இழையை அறுத்துவிடுவேன், உள்ளேயிருந்து அப்பா சத்தம் போடுவார்.

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், அவனை அனுப்பவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. தறியில் அவன்தான் கெட்டிக்காரன் என்பதால் அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மன் யுத்தம் முடிந்த மறு வருஷம், ரங்கூனில் பட்டுக்கடை வைத்திருந்த என் தாய்மாமன், பட்டும் தெரிந்து எழுதப் படிக்கவும் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று எழுதினார். வீட்டில் என்னை அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரயிலடிக்கு அவன் வந்தான்.

"கடுதாசி போடுடா," என்றேன்.

"நான் எங்கடா போடறது? ஐயங்காரு போடுவாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருப்பேன்," என்றான்.

ஐயங்கார் என்றது, தபாலாபீசு வாசலில் வேப்பமரத்தடியில் சாய்வுப் பெட்டியுடன் உட்கார்ந்து ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த சின்னக் காஞ்சிபுரத்துப் பெரியவரை. அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யார் எழுதச் சொன்னாலும் உச்சியில் ஸ்ரீ போட்டு, இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும் என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் அவர் என்னதான் ஒழுங்கு செய்தாலும் நடுவில் எங்கேயாவது என் சிநேகிதன் தலையை நீட்டிவிடுவான். "நீ இருந்த இடத்தில் இப்போது உன் தம்பி உட்காருவதாகவும், அவனுக்கு நாடா தள்ள வரவில்லை, வாய் மட்டும் உன்னைப் போலவே இருக்கிறது என்றும் சொல்லச் சொல்கிறான்." இன்னொன்றில், "மேற்படியான் மேலும் ஏதோ சொல்கிறான், அது எழுதத் தகாதது" என்று இருந்தது. அந்த எழுதத் தகாதது என்னவாக இருக்கும் என்று யோசித்தே நான் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ரங்கூனில் எனக்குச் சோற்றுக்கோ துணிக்கோ குறைவில்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். கடையில் எல்லாப் பாஷையும் கேட்கும். தமிழும் நிறையவே கேட்கும். ஆனால் நான் பாதி சொன்னதும் மீதியைப் புரிந்துகொண்டு சிரிக்கிறவன் ஒருவனும் இல்லை. கப்பல் தபால் வருகிற நாளில் மாமாவுக்குத் தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

மூன்றாம் வருஷம்தான் அந்தத் "தாங்கள்" வந்தது. முத்துக் கையெழுத்தைக் காணோம். எழுத்துகள் பெரிசு பெரிசாக, ஒன்று மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் கிடந்தன. முழுக் காகிதத்துக்கும் மொத்தம் ஐந்து வரிதான். "மகா ராஜ ராஜ ஸ்ரீ நண்பர் அவற்கள் திவ்விய சமுகத்துக்கு. இவ்விடம் யாவறும் சேமம். தாங்கள் சேமத்துக்கு எளுதவும். பாலாத்தில் தண்ணி இல்லை. மற்றவை பின்."

மற்றவை என்றால் எவை? பாலாற்றில் தண்ணீர் இல்லாததைச் சொல்லவா இத்தனை ராஜாவும் ஸ்ரீயும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபித்துக்கொண்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மனஸ்தாபம் வந்தால் நம்மவர்கள் திடீரென்று மரியாதைக்குத் தாவிவிடுவது உண்டு. என் மேல் என்ன குற்றம் என்று கணக்கெடுத்தேன். அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பர்மா குடை அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. உடனே ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் குடையும், கூடவே நல்ல கைலி ஒன்றும் கொடுத்தனுப்பினேன். "தாங்கள் அன்புடன் அனுப்பிய கொடையும் கயிலியும் கிடைக்கப் பெற்று மகிள்ந்தோம்" என்று பதில் வந்தது. கிடைக்கப் பெற்றானாம்! அவனாக இருந்தால், குடையில் இத்தனை பூ எதுக்கடா, நான் என்ன கல்யாணப் பெண்ணா என்றல்லவா கேட்டிருப்பான்?

பொறுக்க முடியாமல், என் மேல் உனக்கு என்னடா கோபம் என்று நேராகவே கேட்டு எழுதினேன். பதில் இன்னும் மோசமாக இருந்தது. "தாங்கள் மேல் கோபம் ஏதும் கிடயாது. தாங்கள் எங்கள் இருதயத்தில் வீற்றிறுக்கிறீற்கள்."

நான் எப்போதுமே முன்கோபி. இருதயத்தில் வீற்றிருக்கச் சொல்லி நான் கேட்டேனா? குழப்பமெல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறியது. விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டதாகவே நினைத்தேன். ஐயங்கார் காலமாகியிருக்க வேண்டும், அவர் இடத்தில் எவனோ ஒரு அரைகுறை வந்து உட்கார்ந்துகொண்டு என் சிநேகிதன் சொல்வதையெல்லாம் விழுங்கிவிட்டுத் தன் சரக்கை எழுதுகிறான். ஒரு கார்டை எடுத்தேன். சிநேகிதனுக்கு இல்லை, எழுதுகிறவனுக்கு.

"இந்தக் கடிதங்களை எழுதுகிற மகானுக்கு. உம்முடைய கோழிக்கிறுக்கலைப் படித்து என் கண் வலிக்கிறது. ல, ள, ழ தெரியாதவர் பேனாவைத் தொடக்கூடாது. என் சிநேகிதன் வாய்திறந்து சொல்வதை எழுதத் துப்பிருந்தால் எழுதும். இல்லாவிட்டால் பேனாவைக் கீழே போட்டுவிட்டு வேறு பிழைப்பைப் பாரும்." இதை எழுதித் தபாலில் போட்டபோது எனக்குப் பெரிய திருப்தி.

அதற்கப்புறம் கடிதமே வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எண்ணி, பிறகு எண்ணுவதை விட்டேன். நான் போட்ட ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தம்பிக்கு எழுதிக் கேட்டால், "அவர் நன்றாகத்தான் இருக்கிறார், தனித்தறி போட்டுக்கொண்டார்" என்று எழுதினான். நன்றாக இருக்கிறவன் ஏன் வாய்மூடிக் கிடக்கிறான்? அந்த அரைகுறை என் மேல் உள்ள ஆத்திரத்தில் என் கடிதங்களைப் படித்துக் காட்டாமல் கிழித்துவிடுகிறானோ என்றுகூட நினைத்தேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சந்தாகவே இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பியின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். போன மறுநாளே தபாலாபீசுக்குப் போய்ப் பார்த்தால், காலமானதாக நான் முடிவு கட்டிய ஐயங்கார் அதே வேப்பமரத்தடியில் அதே பெட்டியுடன் உட்கார்ந்திருக்கிறார்!

"அந்தப் பிள்ளையாண்டான் என்கிட்ட வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே. வேற யாரையாவது வச்சிண்டு எழுதறானோ என்னமோ," என்றார் அவர்.

நேரே சிநேகிதன் வீட்டுக்கு நடந்தேன். அவன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். கரைப் பக்கம் அவன் மனைவி. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நாலரை வருஷம் கழித்துப் பார்க்கிறோம். நான் அப்படியே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பேன்.

"வாங்க," என்றான் அவன்.

கடிதத்தில் இல்லை, வாயால் சொன்னான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன் குழியிலிருந்து ஏறி, "உக்காருங்க, ஜரிகை வாங்கிக்கினு வந்துடறேன்," என்று சொல்லி மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். அந்தப் பெண் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"அம்மா, எனக்குக் கடுதாசி எழுதினது யாரும்மா?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருதாண்ணா."

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவளாம். கல்யாணமான புதிதில், ஐயங்காரிடம் போவானேன், சொல்லுங்கள் நானே எழுதுகிறேன் என்றிருக்கிறாள். அதற்கு அவன் ஒப்பவில்லை. "என் சிநேகிதன்கிட்ட நான் பேசறத உன்கிட்ட எப்படி சொல்றது? எனக்கே கத்துக்குடு" என்று பலகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம். எட்டு மாதம் அ, ஆவிலிருந்து கற்றிருக்கிறான்.

"கோயில் வாசல்ல கடுதாசி எழுதறது எப்படின்னு ஒரு பொஸ்தகம் விக்குது, அத்த வாங்கிக்கினு வந்தாரு. அதுல எல்லாம் தாங்கள், திவ்விய சமுகம்னுதான் இருக்குது. சிநேகிதருக்கு நீன்னே எழுதலாம்னு நானும் சொன்னேன். அச்சுல அப்டி இல்லையே, எழுத்துன்னா மரியாதையாத்தான் எழுதணும் போலன்னுட்டாரு. ஒரு கடுதாசிக்கு அவருக்கு நாலு நாள் புடிக்கும்ணா."

"அவன்தான் எழுதறான்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?"

"நானும் கேட்டேன். அவனே கண்டுபுடிப்பான் பாரு, கண்டுபுடிச்சிட்டு குதிப்பான் பாருன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

நான் மோரைக் கீழே வைத்தேன். கார்டு வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அதுவரைக்கும் உங்க கடுதாசியெல்லாம் நான்தான் படிப்பேன். உங்க எழுத்து கூட்டெழுத்தா இருக்கும், அவருக்கு வராது. அந்தக் கார்டுல மட்டும் பெரிசு பெரிசா எழுதியிருந்தீங்க. இத நானே படிக்கறேன்னு பக்கத்துத் தறிக்காரங்களையெல்லாம் கூப்ட்டு உக்கார வெச்சாரு. எழுத்துக்கூட்டி சத்தமா படிச்சாரு. பாதியில நிறுத்துவாருன்னு பார்த்தேன். நிறுத்தல. கடைசிவரைக்கும் படிச்சாரு."

அந்த அரைகுறைக்குப் புரியட்டும் என்றுதான் நான் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். அவமானத்தில் என் முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவன் வந்துவிட்டான். அவள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியாம எழுதிட்டேன்டா. என்னைச் செருப்பால அடி," என்றேன். அழுதேன் என்றே சொல்ல வேண்டும்.

அவன் ஜரிகைக் கட்டை ஓரமாக வைத்தான். "இன்னாத்துக்குப்பா அழுவறே? கோழிக்கிறுக்கல்னு எழுதியிருந்தே. கிறுக்கல்தானே அது? சும்மா பேஜார் பண்ணாத. வா, உக்காரு, கை மறந்துபோச்சா பாக்கலாம்."

குழியில் இறங்கினேன். கை மறந்துதான் போயிருந்தது. மூன்று விரற்கடை நெய்வதற்குள் நாலு இழை அறுத்தேன். அவன் என்னைப் பழையபடி திட்ட ஆரம்பித்தான், தெருவில் போன ஒருவரையும் விடவில்லை. ஊரில் இருந்த ஒரு மாதமும் தினம் போய் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினேன். ரயிலடியில், "எழுதுவியாடா?" என்று கேட்டேன். "எழுதாம எங்க போறேன்?" என்றான்.

இரண்டாவது கப்பலிலேயே கடிதம் வந்தது. குண்டு குண்டாக, அழகான எழுத்து. ஒரு பிழை இல்லை. அவன் மனைவியின் கை. "டேய்" என்று ஆரம்பித்திருந்தது. தம்பி மாமனார் வீட்டில் சாப்பிட்ட கதை, ஐயங்கார் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த கதை, எல்லாம் அப்படியே அவன் பேச்சு. நான் கேட்டது இதைத்தானே? ஒரு தரம் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. தயவுசெய்து உன் கையால் எழுது, எத்தனை பிழை இருந்தாலும் பரவாயில்லை, தாங்கள் என்றே எழுது என்று கெஞ்சி எழுதினேன்.

அதற்கும் பதில் அவள் கையெழுத்தில்தான் வந்தது. "என் கை தறியில் இருக்குதுடா. உனக்கு என் வாய்தானே வேணும்னு எழுதியிருந்தே. வாய் வருது, வாங்கிக்கோ." அதற்குக் கீழே, முன்பெல்லாம் அவன் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதும் இடத்தில், கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்திருந்தான்.

கிண்டலாக வைத்தானா, இல்லை மனம் விட்டுப்போய் வைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனை அறிந்தவரை இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. நேரில் கேட்டிருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பேன். காகிதத்தில் அந்த விரல் ரேகை மட்டும்தான் இருந்தது, அதை எவ்வளவு நேரம் உற்றுப்பார்த்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கடிதங்களிலும் அவன் கைநாட்டுத்தான் வைத்தான்.