எந்தக் கரையும் கிட்ட வராத இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எஸ்தர் அக்காவின் கணவர் போன் செய்தார். "தூக்கத்துலயே போயிட்டா. வலி ஒண்ணும் இல்ல" என்றார். அழுதேன். ஆனால் போன மாதமே போய், மனதில் கிடந்ததை அவரிடம் சொல்லிவிட்டோமே என்ற நிம்மதிதான் அழுகைக்கு முன்னால் வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

இராஜபாளையத்தில், ஊர்களின் நிலவரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் சின்ன அலுவலகத்தில் முன்பு எஸ்தர் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். அக்கா படம் வரைபவர், தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். நான் புரோகிராம் எழுதுபவள். எழுதியதை இன்னொரு தடவை பார்க்கும் பொறுமை அன்று எனக்குக் கிடையாது. கண்மாய்களின் பெயரை அவற்றின் நடுவில் அச்சிட வேண்டும். கரைப் புள்ளிகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அதுதான் நடு என்று வைத்திருந்தேன்.

மகாராஜபுரத்துப் பக்கம் ஒரு கண்மாய் பிறை போல வளைந்து கிடந்தது. அதன் சராசரி கரைக்கு வெளியே, உழுது பிழைக்கும் ஒரு சம்சாரியின் வயலில் போய் விழுந்தது. கண்மாயின் பெயரும் அங்கேயே அச்சானது. சரிபார்க்க வேண்டியவர் எஸ்தர் அக்கா. அன்று அவர் லீவு. அவர் வருவதற்குள் நான் படத்தைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்.

சில நாளில் அந்தச் சம்சாரியே நேரில் வந்துவிட்டார். "கண்மாய்க்குள்ள பயிர் வச்சிருக்கேன்னு தாலுகா ஆபீஸ்ல வயலக் காலி பண்ணச் சொல்லுதாவ. எம்புட்டுக் காலமா உழுத நெலம் தெரியுமா?"

"யார் பார்த்தது இதை?" என்றார் முதலாளி. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாந்தான் சார் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

பிறகு சம்சாரியைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, மகளுக்கு வளர வளரப் போடத் தேரடியில் பல அளவில் வாங்கிய வளையல்களைப் பையிலிருந்து எடுத்தார். தன் கை வளையலையும் கழற்றிப் படத்தின் மேல் வைத்தார். அது கரையைத் தாண்டியது. சின்னதாகச் சின்னதாக வைத்து நகர்த்திப் பார்த்தார். கரையில் இடிக்காமல் முதலில் உள்ளே அடங்கிய வளையலின் நடுவில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"எந்தக் கரையும் கிட்ட வராத எடம். பேர இங்கன போடு, ஏட்டி."

அதையே புரோகிராம் ஆக்கினேன். கண்மாய்க்குள் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் மிக அருகிலுள்ள கரை எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டர் பார்க்கும். அந்தத் தூரம் எதற்கு அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் வந்த புள்ளி, பென்சில் புள்ளியின் மேலேயே உட்கார்ந்தது. திருத்திய படத்தோடு போன சம்சாரி மறுவாரம் வந்து, "வயல விட்டுட்டாவ தாயி" என்று அக்காவைக் கும்பிட்டார். எனக்கு மூச்சு வந்தது. பழி மட்டும் அக்கா மேலேயே நின்றுவிட்டது.

போன மாதம் அவர் படுக்கையருகே உட்கார்ந்து, அன்று அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். சிரித்தார். "தெரியும்லா ஏட்டி. நான் லீவுல இருக்கப்ப படம் தானா நடந்து போயிருக்குமா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லிட்டல்ல, போய்க் காப்பி குடி."

கல்லறைத் தோட்டத்தில், எந்த ஓரத்திலும் படாமல் குழியின் நடுவில் மண் போட நினைத்தேன். அவசரத்தில் முதல் பிடி ஓரத்தில் சிதறியது. இன்னொரு பிடி அள்ளினேன். இந்தத் தடவை பார்த்துத்தான் போட்டேன், அக்கா. நிம்மதியாகத் தூங்குங்கள்.