ஐந்து வருடமாக நம்பப்படாத குடும்பிமலை

கொரோனா ஊரடங்கு வந்தபோது நான் கிழக்கிலங்கையின் வந்தாறுமூலையில், மனைவி சுகந்தியின் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். சுகந்தி கொழும்பில். ஊரடங்கைத் தளர்த்திய ஒரு காலையில் வாவிக்கரைக்கு நடந்தேன். பாதைச் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து நிமிர்ந்தால், மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் குடும்பிமலை நீலமாக, முழுதாகத் தெரிகிறது. வாகனம் ஓடாததால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அன்றே அவளுக்குத் தொலைபேசியில் விளக்கினேன்.

சுகந்தி அந்தப் பக்கத்துத் தேற்றாத்தீவில் பிறந்தவள். ஒவ்வொரு ஓகஸ்ட் விடுமுறைக்கும் அக்கா வீட்டுக்குப் போயும் அந்த மலை அவள் கண்ணில் பட்டதில்லை. அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும், "ஓம், குடும்பிமலையக் கண்ட மாதிரித்தான்" என்பாள். ஐந்து வருடம் பொறுத்தேன். வீட்டில் என் சொல்லுக்கு இருந்த கொஞ்ச மரியாதையையும் காப்பாற்றத்தான் போன மார்ச்சில் இந்தப் பயணம்.

மழையே இல்லாத வார இறுதியாக, வானிலை அறிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளி காலை ஏழு மணிக்குக் கொழும்பில் பஸ். 315 கிலோமீட்டர், எட்டரை மணித்தியாலம், ஒருவருக்கு 1,900 ரூபாய். சனி காலை 6.20க்கு வாவிக்கரையில் நின்றோம். யோகன் அண்ணன் என்ற மீனவர் தோணியில் ஏற்றிக்கொண்டார். ஒரு மணித்தியாலத்துக்கு 1,500 ரூபாய்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேற்கே மலையும் இல்லை, வெறும் சாம்பல் படலம்தான். சுகந்தி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதல்தான் தாங்க முடியவில்லை.

"வயல் வெட்டு முடிஞ்சிட்டு. வட்டையெல்லாம் வைக்கல் எரிக்காங்க, தம்பி," என்றார் யோகன் அண்ணன். "காத்தும் இல்ல. புகை எங்க போகும்? ஒரு மழை பெய்யட்டும், மறுகா வாங்க."

"ஊரடங்கு நேரம் நல்லாத் தெரிஞ்சதே, அண்ணன்?"

"பஸ்ஸு, லொறி நிண்டதால புகை குறைஞ்சதுதான். எண்டாலும் வயல் வேலை நிக்கல்லயே. மழை பெஞ்ச அடுத்த நாள்தான் மலை வடிவாத் தெரிஞ்ச."

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து வருடம் சொன்ன காரணத்தை ஒரு தோணிப் பயணத்தில் விட்டுவிட முடியுமா?

அன்று மாலை ஐந்தரைக்கு, வானிலை அறிக்கை சொல்லாத மழை இடியோடு கொட்டியது. அக்கா கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓட, நான் முற்றத்தில் நனைந்துகொண்டு சிரித்தேன்.

ஞாயிறு காலை 6.10. தோணி கரையை விட்டு நூறு மீட்டர்கூடப் போகவில்லை. வெயில் விழுந்த பக்கத்தில் குடும்பிமலை, உச்சிக் குடும்பி வரை தெளிவாக நின்றது.  சுகந்தி அக்காவுக்குப் போன் எடுத்து, "அக்கா, மெய்தான். நிக்கிது," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: வைக்கோல் எரியும் வெட்டுக் காலத்தில் மலையை எதிர்பார்க்க வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். மாலை இடிமழை தொடங்கும் மார்ச் கடைசி, ஏப்ரலில் போங்கள். ஒரு நாள் கையில் கூடுதலாக வைத்திருங்கள். காலை எட்டு மணிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். வானிலை அறிக்கை மழை என்றால் டிக்கெட்டை ரத்துச் செய்யாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் வெற்றிக் களிப்பில் கண்ணை மூடியிருந்தேன். பொலன்னறுவை தாண்டியதும் சுகந்தி என் கையைத் தட்டினாள்.

"இஞ்ச பாருங்க. அண்டைக்குச் சேத்தில வழுக்கி விழுந்தனெண்டு ஒவ்வொரு தரமும் சொல்லுவீங்களே. மழை பெய்யாமப் பாதையில சேறு எங்கால வந்த?"

மலையை நம்புகிறாள், காரணத்தை அல்ல. இப்போது வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "சேறு?" என்று மட்டும் கேட்கிறாள்.